அடுத்துச் சேரும் நிறுவனம்

ஐந்து வருடம் உட்கார்ந்த மேசைமேல் ஐ.டி. கார்டையும் கம்பெனி லேப்டாப்பையும் ஷ்ரவ்யா வைத்துவிட்டாள். கையிலிருந்த வேலைவிலகல் படிவத்தில் ஒரு வரிதான் பாக்கி: அடுத்துச் சேரும் நிறுவனம். அதை எழுதப் போனபோது சுஃப்யான் போனில் கூப்பிட்டான். பக்கத்து நாற்காலிக்காரன், மூன்று மாதம் முன்பு வேலையை விட்டு நின்று சரவணம்பட்டியில் ஒரு கம்பெனிக்குப் போனவன். திங்கட்கிழமை அவளும் அங்கேதான் சேர வேண்டும்.

"நம்ம மொதலாளி எம்மேல காப்பிரைட் கேஸ் போட்டுட்டாரு ஷ்ரவ்யா. கோர்ட்லருந்து ஒரு வக்கீல், போலீஸோட வந்திருக்காரு. என்ற லேப்டாப்பைத் துணியில கட்டி அரக்கு வெச்சுட்டாங்க."

"நீ என்னத்த எடுத்துட்டுப் போனே?"

"நான் எழுதுன பம்பு டெஸ்டிங் கோடுதான். நீயுந்தான வெச்சிருக்கறே?"

தன் சொந்த லேப்டாப்பில் வைத்திருந்தாள். அவள் அப்பா லட்சுமணசாமி லேத் ஓட்டுகிறவர். பெரியநாயக்கன்பாளையத்தில் மட்டும் எட்டுப் பட்டறை மாறியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் தன் கையால் சாணை பிடித்த டூல்களைக் கழிவுத்துணியில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். எந்த முதலாளியும் கேட்டதில்லை. தான் எழுதியதைத் தான் கொண்டுபோவதில் என்ன இருக்கிறது என்றுதான் அவளும் நினைத்தாள்.

"அழிச்சுரட்டுமா?"

"இப்ப அழிச்சா அது அதுக்கு மேல தப்பாமா" என்றான். பின்னால் யாரோ அதட்டினார்கள். போன் கட்டானது.

முதலாளி காளிச்சாமி இரண்டு டம்ளர் டீயைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். இத்தனை வருடத்தில் அவர் டீ கொண்டுவந்து அவள் பார்த்ததில்லை.

"ஏனுங்க அம்மணி, இன்னும் எழுதலீங்களா?"

"இது எதுக்குங்க சார்?"

"சும்மா, நம்ம ஊட்டுப் புள்ள எங்க போகுதுன்னு தெரியோணுமல்லங்க. எழுதாட்டியும் போங்க. நாங்களே கண்டுபுடிச்சுக்கறோம்." சிரித்தார். "நீங்க பாதி வேலையை உங்க சொந்த லேப்டாப்புலதான பாத்தீங்க? நாந்தான பாக்கச் சொன்னேன். அதைப் பத்திரமா வெச்சுக்கங்க கண்ணு."

டம்ளரை மேசைமேல் வைத்தாள்.

"இங்கயே இருக்கறதுன்னாலும் இருங்க. சுஃப்யான்கிட்டயும் இதையேதான் சொன்னனுங்க. அவன் கேக்கல."

அவர் போன பிறகுதான் கவனித்தாள்: அறையில் யாரும் தட்டச்சு செய்யவில்லை. சரவணம்பட்டி வேண்டாம், பெங்களூரு போனால்? நாளைக்குக் கேஸில் பேர் வரப்போகிறவளை அங்கே மட்டும் யார் எடுப்பார்கள்? இல்லை, இங்கேயே இருந்துவிட்டால்? இனி ஒவ்வொரு நாளும் அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டும்.

பேனா மூடியைத் திறந்தாள். முன் வரிசையில் ஹர்ஷிணி, இந்த வருடம் வேலைக்கு வந்தவள், இவள் பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அதே சரவணம்பட்டி கம்பெனியின் விண்ணப்பம். பாதி நிரப்பியிருந்தது. ஹர்ஷிணியின் விரல் அழிக்கும் விசைமேல் மெதுவாக விழுந்தது, மறுபடி விழுந்தது. விண்ணப்பத்தில் ஹர்ஷிணியின் பெயர் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது.