ஊமைப் பத்து

"நீ சொல்ல மாட்ட."

"சொல்லுவேன் கீனோ."

"எழுபது பேரு முன்னால, பெட்டிய நடுவுல வெச்சுக்கிட்டு, நம்ம அப்பா ஒரு—"

"அப்பாவப் பத்தி நான் பேசல. குதிகாலப் பத்தித்தான்—"

"குதிகாலாம்! சாகப்போற நேரத்துல, காய்ச்சல்ல பெரியக்கா உளறுனத எல்லாம்—"

"காய்ச்சல் எங்க இருந்துச்சு? கொண்டைக்கடலை சூப்பு குடிச்சா. உப்பு பத்தலேன்னு என்னைத் திட்டுனா. அதுக்கப்புறம்தான் சொன்னா. ஏணிய ஒழுங்காப் பிடி."

கீனோ இடது கையால் மட்டும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். வலது கை நகங்கள் கிட்டாருக்கு என்று வளர்த்தவை. அறுபது வயதிலும் அந்தக் கையால் ஒரு பாட்டில் மூடியைக்கூடத் திறக்கமாட்டான். சலூத் ஏணி மேல் நின்று கண்ணாடியை மூடிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் கண்ணாடியைத் திறந்து வைக்கக் கூடாது. ஆனால் மூன்று சுவரும் கண்ணாடியாக இருக்கிற ஃபிளமெங்கோ நடனப் பள்ளியில் எத்தனை போர்வைக்குப் போவது? வீட்டில் இருந்தவை இரண்டு சுவருக்குத்தான் போதுமாக இருந்தன. மூன்றாவதற்கு மாணவிகளின் பயிற்சிப் பாவாடைகளைப் பிரித்துத் தொங்கவிட்டாள். புள்ளி போட்ட சிவப்பு, புள்ளி போட்ட பச்சை. எல்லாம் அவள் தைத்தவைதான்.

கூடத்தின் நடுவில், பலகைத் தரை மேல், இருவருக்கும் மூத்த அக்கா அங்குஸ்தியாஸ் பெட்டியில் கிடந்தாள். நேற்று மாலை போனவள். பன்னிரண்டு மணிக்குச் சந்தியாகோ தேவாலயத்துக்குத் தூக்க வேண்டும். இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"வாசல்ல பலகை வெச்சிருக்காங்களே, நகராட்சி. அதுல என்ன எழுதியிருக்கு?" கீனோ விடவில்லை. "நாலு தலைமுறை மரபுன்னு எழுதியிருக்கு. ஆணி கழண்டதுன்னா எழுதியிருக்கு?"

"எழுதுனவனுக்கு ஆணி கழண்டது தெரியாது."

"எனக்கும் தெரிய வேண்டாம். அப்படிப் பாத்தா, நீ காதால கேட்டதுல என்ன நம்பிக்கை? உனக்குக் காது இல்லேன்னு அப்பாவே சொன்னாரே."

சலூத் அடுத்த குண்டூசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டாள்.

ஃபிளமெங்கோவில் சொலேயா என்ற ஆட்டத்துக்குப் பன்னிரண்டு தட்டு. மூன்று, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு இவற்றில் அழுத்தம். அதிலும் பத்தில்தான் ஆட்டம் ஓங்கி முடியும். இந்த ஹெரெஸ் ஊரில் நடை பழகுகிற குழந்தைக்குக்கூட இது தெரியும். இவர்கள் பள்ளியில் மட்டும் பத்தில் கால் இறங்கும், சத்தம் வராது. ஊமைப் பத்து என்று ஊரே சொல்லும். மேடையில் ஒருத்தி பத்தில் சும்மா நின்றால், எந்த வீட்டில் படித்தவள் என்று கேட்கத் தேவையில்லை.

நேற்று மதியம் அங்குஸ்தியாஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வானிலை பற்றிப் பேசுகிற மாதிரி ஆரம்பித்தாள்.

"சலூத், அந்தப் பத்து. காதிஸ் ஊரு தியேட்டர்ல எனக்கு ஷூவுல சத்தம் குடுக்குற குதிகால் ஆணி கழண்டு போச்சு. ஓங்கி வெச்சேன், சத்தம் வரல. அவ்வளவுதான் விஷயம்."

"என்ன சொல்ற நீ?"

"சனங்க மூச்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அப்புறம் எந்திரிச்சு நின்னு கத்துனாங்க. பேப்பர்காரன் கேட்டான். எங்க பாட்டி காலத்து முறைன்னு அப்பா சொல்லிட்டாரு. மறுநாள் காலையில அவரேதான் ஷூவுக்கு ஆணி அடிச்சாரு. அடிச்சுக்கிட்டே என்னைப் பாத்தாரு. நான் பாக்கல."

"அம்பத்தாறு வருஷம், அக்கா."

"எண்ணத் தெரியும் எனக்கு. என்னைத் தூக்குறப்போ பிள்ளைங்ககிட்ட சொல்லிடு. உசுரோட இருக்கறப்ப எனக்குத் தைரியம் வரல." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உன் காலு சரியாத்தான் விழுந்துச்சு. அந்தக் கதவச் சாத்து, வெயில் அடிக்குது."

காதிஸில் ஆணி கழன்ற அன்றைக்குச் சலூத்துக்குப் பதினோரு வயது. தொட்டிலிலேயே பன்னிரண்டு தட்டும் உடம்பில் ஏறியிருந்தது. பத்து வந்தால் கால் தானாக விழும். அதற்குப் பிறகு, பத்தில் சத்தத்தை நிறுத்து என்றார் அப்பா. நிறுத்தத் தெரியவில்லை. மூன்றாவது வாரம், இந்தப் பிள்ளைக்குக் காது இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லி, வரிசையிலிருந்து பிடித்து வெளியே கொண்டுபோய்த் தையல் மிஷின் முன்னால் உட்காரவைத்தார். கீனோவுக்கு அப்போது நாலு வயது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், சின்னக்காவுக்குக் காது இல்லை என்பதுதான். மறுநாள் அந்த ஆணியை அடித்தது அப்பாவேதான் என்பதை அவள் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

ரெயெஸ் உள்ளே வந்தாள். இருபது வருடமாக இங்கே படித்து, இப்போது பாதி வகுப்புகளை எடுப்பவள். அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அத்தை, எல்லாரும் முற்றத்துல நிக்கிறாங்க. தூக்குறப்போ சொலேயாவுக்குக் கை தட்டுறோம், மெதுவா. டீச்சருக்கு வழக்கம்போல பத்த விட்டுடலாம்ல?"

கீனோ ஏணியைப் பிடித்தபடி தலையை நிமிர்த்திச் சின்னக்காவைப் பார்த்தான். சலூத் வாயைச் சுட்டிக் காட்டினாள். வாய் நிறைய குண்டூசி.

"வழக்கம்போலத்தான்," என்றான் கீனோ.

கோயில் மணி அடித்தது. ஆறு பேர் தூக்கினார்கள். முன்னால் இடது பக்கம் கீனோ, பெட்டியைக் கன்னத்தோடு அணைத்தபடி. பெட்டிக்குப் பின்னால் நடந்தாள் சலூத். முற்றத்திலிருந்து வந்து கூடம் நிறைந்து நின்றவர்கள் உள்ளங்கையைக் குழித்துத் தட்ட ஆரம்பித்தார்கள். ஈர மண்ணில் நடக்கிற மாதிரி அடங்கிய சத்தம். மூன்று. ஆறு. எட்டு.

பத்தில் எழுபது பேரும் கையை நிறுத்தினார்கள். மூச்சு விடுவது கேட்டது. எங்கோ ஒரு வளையல்.

அழகாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

இரண்டாவது சுற்று. இப்போது சொல்ல வேண்டும். சொற்களைக் காலையிலிருந்து அடுக்கி வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள். முதல் சொல் எது என்பதே மறந்துபோயிருந்தது. மறுபடி அந்த அமைதி வந்தது, போனது. பெட்டி வாசலை நெருங்கியது.

மூன்று. ஆறு. எட்டு.

கோயிலுக்குப் போட்டுப் போகிற பழைய கறுப்பு ஷூ அது. அடி தேய்ந்து இரண்டு முறை மாற்றியது. அவள் அதைத் தூக்கினாளா, அதுவே எழுந்ததா தெரியாது. பலகை மேல் ஒரே ஒரு அடி. சத்தம் தரைக்கு அடியில் போய் எல்லார் உள்ளங்காலிலும் வந்து நின்றது.

ரெயெஸ் திரும்பிப் பார்த்தாள். கை மட்டும் பழக்கத்தில் நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு சுற்று. பத்தில் மறுபடியும் அந்த ஷூ. ஒரு மயிரிழை முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வாசற்படியில் பெட்டி நின்றது. கீனோதான் நின்றுவிட்டான். பின்னால் தூக்கியவர்கள் தடுமாறினார்கள். கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவன் திரும்பவில்லை, திரும்ப முடியாது, தோளில் பெரியக்கா இருந்தாள். பெட்டியின் விளிம்பைப் பற்றியிருந்த வலது கையின் நீண்ட நகங்கள் மரத்தில் அழுந்தின.

"அக்கா," என்றான். "சரியாத்தானே விழுது. அப்போ அப்பா உன்னை எதுக்கு வெளிய உக்கார வெச்சாரு?"