ஓவசியர் வீட்டு முறிந்த தடி

தன்னாமுனையில் றோட்டு ஓவசியர் வினாயகமூர்த்தியின் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடிக்காமல் வந்தவர்கள் உண்டு. அவருடைய தூண்டில்களைப் பார்க்காமல் வந்தவர்கள் கிடையாது. வந்தவர் கதிரையில் சாய்வதற்குள், "கொஞ்சம் உள்ளுக்கு வாங்க, ஒரு சாமான் காட்டுறன்" என்று எழுப்பிக்கொண்டு போய்விடுவார்.

முன்னறை முழுக்க அதுதான். சுவரில் மர முளைகள் அடித்து, அவற்றின்மேல் தூண்டில் தடிகளைப் படுக்கையாக வைத்திருந்தார். கண்ணாடி அலுமாரியில், புளி போட்டுத் தேய்த்த பித்தளை ரீல்கள் பளபளத்தன. சிவப்பு வெல்வெட்டுத் துணியில் அரிசிமணி அளவு முள்ளிலிருந்து உள்ளங்கை அளவு முள் வரைக்கும் வரிசையாகக் குத்தியிருந்தார். மூலையில் ஆமைக்கும் திருக்கைக்கும் எறிகிற மண்டா ஈட்டிகள் சாத்திக் கிடந்தன. வெள்ளைக்காரத் துரைமார் ஊரைவிட்டுப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விடுவார்கள். மற்றவர்கள் கட்டிலையும் மேசையையும் பார்க்க, ஓவசியர் தூண்டில் பெட்டியைத் தேடுவார். அவருடைய வீட்டுக்குப் பின்னாலேயே வாவி கிடந்தது. ஆனாலும் மனிசனுக்கு நீச்சல் தெரியாது. தோணியில் ஏறினால் வயிற்றைப் பிரட்டும். கரையில் நின்று பிடித்த சில்லறை மீன்களைத் தவிர அவர் ஒன்றும் பிடித்ததில்லை. இது அவர் மனைவி மங்கையற்கரசிக்கு மட்டும் தெரியும்.

அந்தச் சாமான்களில் ஒரு முறிந்த தடியும் இருந்தது. தென்னந்தோட்டத்துத் துரை ஒருவர் திடீரென்று கப்பலேறிப் போனபோது, அவருடைய தூண்டில் பெட்டியோடு ஓசியாக வந்தது. கறுத்த வைரமான மரம். கைப்பிடியும் ரீலும் இருந்தன. அதற்கு மேலே ஒரு முழத்தில் தடி பல்லுப் பல்லாக முறிந்து, மேல்பாதி இல்லாமல் போயிருந்தது. ரீலில் அறுந்த நூல் ஒரு சாண் தொங்கியது.

முறிந்த தடியை எவனும் திரும்பிப் பார்க்கவில்லை. அது ஓவசியருக்குப் பொறுக்கவில்லை. பெரிய கொடுவா மீன் ஒன்று இழுத்து முறித்தது என்று ஒருநாள் சொன்னார். அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த ஒரு கிளாக்கர் சிரித்தார். அடுத்த முறை கதையில், தன்னோடு தோணியில் இருந்ததாக ஒரு தோணிக்காரனைச் சேர்த்தார். தடியை அவன்தான் பிடித்திருந்தான், நூல் அவனுடைய மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது என்றார்.

"பிறகு?" என்று கேட்டார் வந்தவர்.

"பிறகென்ன, போயிட்டான். மேல்பாதித் தடியோட தண்ணிக்குள்ள போயிட்டான்."

முன்னறை அப்படியே அமைதியாகிவிட்டது. தன் சாமான்களுக்கு முன்னால் அப்படி ஓர் அமைதியை ஓவசியர் அதுவரை கண்டதில்லை. அதன் ருசி அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வந்தவருக்கெல்லாம் அந்தக் கதைதான். தோணிக்காரனுக்கு வாயில் வந்த ஒரு பெயரை வைத்தார், பாறூக் என்று. இடது மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்றும் கொடுத்தார். மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று தொடங்கின பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை என்றார். எந்த இடம் என்று கேட்டவர்களுக்கு, யன்னலுக்கு வெளியே கண்ணில் பட்ட கொக்குத் திட்டைக் காட்டினார். வாவிக்கு நடுவில் கண்டல் மரங்கள் அடைத்துக்கொண்டு நிற்கிற சின்னத் திட்டு அது. அவர் ஒருநாளும் அங்கே போனதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, முக்காடு போட்ட ஒரு பெண்ணும் அவளுடைய புருசனும் படலைக்குள் வந்தார்கள். புருசன் பதியுதீன் ஏறாவூரில் வண்டி வைத்திருப்பவர். றோட்டு வேலைக்குக் கிறவல் மண் ஏற்றுபவர். பெண்ணின் பெயர் உம்மு குல்தூம். சாமான் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்த ஓவசியர், வழக்கம்போல வெல்வெட்டுத் துணியிலிருந்து தொடங்கினார். அவள் எதையும் பார்க்கவில்லை. நேரே முறிந்த தடிக்கு முன்னால் போய் நின்றாள்.

"இதாலயா ஐயா?"

"எது?"

"எங்கட தம்பி போனது."

ஓவசியர் பதியுதீனைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "றோட்டுல வேலை செய்யிற ஆக்கள் கதைச்சாங்க ஐயா. அதக் கேட்டதிலேருந்து இவ சாப்பாடு தண்ணி எடுக்கல்ல. பாறூக் இவட தம்பிதான். ஒரு கச்சான் காலம் வீட்ட விட்டுப் போனவன் கிறுகி வரல்ல."

"பாறூக் எண்டு எத்தினையோ பேர்" என்றார் ஓவசியர்.

"இடக்கையில தழும்பெண்டு சொன்னீங்களாமே" என்றாள் உம்மு குல்தூம். "சின்னதுல கொதிச்ச பால் சட்டிய இழுத்துப்போட்டவன். வெள்ளிக்கிழமைல தோணியில ஏறமாட்டான். அண்டைக்கு மட்டும்தான் ஏறினவன். உம்மா ஏசினவ."

கதவடியில் மங்கையற்கரசி தேநீர்த் தட்டோடு நின்றாள். ஊராரை ஏமாற்றியது வேறு. அழுது வீங்கிய கண்ணோடு நிற்கிறவளை ஏமாற்ற அவரால் முடியவில்லை.

"பிள்ளை, கேளுங்க. அது பொய். நான் கட்டின கதை. இந்தத் தடி ஏலத்தில ஒரு துரையிட பெட்டியோட வந்தது. உங்கட தம்பிய நான் கண்ணாலயும் காணல்ல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் வரவில்லை; இரங்குவது போலத்தான் பார்த்தாள்.

"பயப்படாதீங்க ஐயா. நாங்க பொலிசுக்குப் போகமாட்டம். காணாத ஆள்ட தழும்பு உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு அந்த இடத்த மட்டும் காட்டுங்க. ஒரு யாசீன் ஓதிப்போட்டுப் போறன்."

ஓவசியர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "காட்டிப்போட்டு வாங்க" என்று மங்கையற்கரசி மெல்லச் சொன்னாள். போனால் அங்கே ஒன்றும் இருக்காது, அதோடு முடிந்துவிடும் என்று அவரும் எண்ணிக்கொண்டார்.

கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த கதிர்காமத்தம்பியின் தோணியில் போனார்கள். உச்சிவெயில். கச்சான் அடிக்கிற காலத்தில் அந்த நேரம் காற்று முகத்தில் அறையவேண்டும். அன்றைக்கு ஓர் இலை அசையவில்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. கம்பு ஊன்றுகிற சத்தம் கூடக் கரையில் எங்கோ கேட்பது போல இருந்தது. ஓவசியர் இரண்டு கையாலும் தோணி விளிம்பைப் பிடித்தபடி இருந்தார். எதிரே உம்மு குல்தூம் உதடு அசைய ஓதிக்கொண்டு வந்தாள்.

கொக்குத் திட்டை நெருங்கியதும், "இதுல ஆழமில்லையே ஐயா" என்றான் கதிர்காமத்தம்பி. "இப்ப வத்துக் காலம். இடுப்பளவு வராது. இதுல எப்படி ஒராள் தாழுற?"

ஓவசியருக்கு மூச்சு வந்தது. "அதுதானே நானும் சொல்லுறன். பொய்யெண்டு."

கம்பு மறுபடி ஊன்றியது. தோணி கண்டல் மரங்களைச் சுற்றிக்கொண்டு திட்டின் மறுபக்கம் வந்தது. அங்கே மரக் கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உட்கார்ந்திருந்தன. ஒன்றும் பறக்கவில்லை. எல்லாம் தோணியைப் பார்த்துக் கழுத்தைத் திருப்பின.

"கொஞ்சம் இடப்பக்கம் எடு" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று தெரிய ஓவசியருக்குச் சற்று நேரம் பிடித்தது. "அந்தச் சாஞ்ச மரத்துக்கு நேர."

கதிர்காமத்தம்பி அவரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுக் கம்பை இறக்கினான். கம்பு போய்க்கொண்டே இருந்தது. அவனுடைய கை தண்ணீரைத் தொட்டும் அடி தட்டவில்லை.

"குழி" என்றான். "இதுல இப்படியொரு குழி கிடக்கிறது எனக்கே தெரியாது. உங்களுக்கு ஆர் சொன்ன?"

கம்பை இழுத்தான். வரவில்லை. கீழே ஏதோ பிடித்திருந்தது. பதியுதீனும் சேர்ந்து பிடித்து இழுத்ததில் தோணி ஒரு பக்கம் சரிந்தது. ஓவசியர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கம்பு சடக்கென்று மேலே வந்தது. அதன் நுனியில் கறுத்துப்போன நூல் சிக்கலாகச் சுற்றியிருந்தது. அந்தச் சிக்கலுக்குள் சேறு வழிய ஒரு தடி கிடந்தது. பித்தளை வளையங்கள் கோத்த, நுனி மெலிந்த, அடி பல்லுப் பல்லாக முறிந்த தடி.

உம்மு குல்தூம் அழவில்லை. அதை வாங்கி மடியில் போட்டு, முக்காட்டுத் தலைப்பால் சேற்றைத் துடைத்தாள். நூலில் ஓரிடத்தில் ஒரு சுற்று இறுகிப்போய் நின்றது. அந்த வளையத்துக்குள் எதுவும் இல்லை. ஓர் ஆளின் மணிக்கட்டுப் பருமன் இருக்கும். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீரைப் பார்த்து ஓதத் தொடங்கினாள். ஓதி முடியுமட்டும் நீர்க்காகங்கள் அசையவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முறிந்த தடியைச் சுவரிலிருந்து இறக்கியது மங்கையற்கரசிதான். இரண்டு துண்டையும் மேசையில் வைத்துச் சேர்த்தாள். பல்லும் பல்லும் இறுகிக் கூடின. நடுவில் ஒரு மயிர் நுழைய இடமில்லை.

"இது அந்தத் துரையிட தடி" என்றார் ஓவசியர். "அவன்தான் உங்கட தம்பியக் கூட்டிப்போயிருக்கான். அதுதான் ஊரவிட்டு ஓடினவன். அப்படித்தான் நடந்திருக்கும். விளங்குதா? நான் இல்ல."

அப்படித்தான் நடந்திருக்கவேண்டும். யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. தழும்பும் வெள்ளிக்கிழமையும் சாய்ந்த மரமும் மட்டும்தான் எதிலும் பொருந்தவில்லை.

உம்மு குல்தூம் அந்தத் துரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஒண்டு மட்டும் சொல்லுங்க ஐயா" என்றாள். "போகக்குள்ள சத்தம் போட்டவனா?"

தெரியாது என்று சொல்லத்தான் ஓவசியர் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"ஒருக்காத்தான். 'ராத்தா' எண்டான்."

அவள் கண்ணிலிருந்து நீர் அப்போதுதான் இறங்கியது. "ஓம். அப்படித்தான் என்னக் கூப்பிடுவான்" என்றாள். மேல்பாதித் தடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, புருசனோடு படலையைத் தாண்டிப் போனாள். ஏதோ பாரம் இறங்கினவளைப் போல நிமிர்ந்துதான் நடந்தாள்.

அதற்குப் பிறகு ஓவசியர் அந்தக் கதையை யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் ரீல்களைப் பற்றியே பேசினார். துரை எங்கே போனார் என்று விசாரித்துப் பார்த்தார், ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் கதை நின்ற இடத்திலிருந்து வேறொன்று தொடங்கியது. றோட்டுக்குக் கல் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், தோணி விளிம்பைப் பிடித்திருந்த ஒரு கை அவருக்கு ஞாபகம் வந்தது. வேறொரு நாள் முகம் கழுவும்போது, தன் கையில் ஒரு கத்தி இருந்தது ஞாபகம் வந்தது. நூலை வெட்டலாமா, நல்ல தடியாயிற்றே என்று யோசித்ததும் ஞாபகம் வந்தது. நடக்காத ஒன்று எப்படி ஞாபகம் வரும் என்று மனைவியிடம் கேட்டார்.

"நீங்க துரையோட ஒருநாளும் போகல்லையே?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

"போகல்ல" என்றார். சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

அடுத்த கச்சான் காலத்தில், முதல் வெள்ளிக்கிழமை, உம்மு குல்தூம் தம்பியின் பேரில் கந்தூரிச் சோறு ஆக்கி ஒரு சட்டியில் அனுப்பியிருந்தாள். ஓவசியர் அதைத் தொடவில்லை. மாட்டுக்காரனுக்குக் கொடுக்கச் சொன்னார். மறு வருடமும் வந்தது. அதை உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கு அடுத்த வருடம் உச்சி சாய்ந்தும் சோறு வரவில்லை. ஓவசியர் வேலைக்குப் போகாமல், தலையில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, படலையடி வெயிலில் நின்று ஏறாவூர் றோட்டைப் பார்த்தார். மங்கையற்கரசி இரண்டு தரம் கூப்பிட்டும் அவர் உள்ளே வரவில்லை.

கடைசியில் வண்டி வந்தது. உம்மு குல்தூமே சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"சுணங்கிப் போச்சு ஐயா. ஆக்கள் கூட. இந்த முறை கத்தரிக்காயும் ஆக்கினன்."

ஓவசியர் இரண்டு கையாலும் சட்டியை வாங்கினார். மூடியைத் திறந்து பார்த்தார். அவருடைய முகம் சுருங்கியது.

"கத்தரிக்காய் அவன் தின்னமாட்டானே" என்றார்.

உம்மு குல்தூம் நெற்றியில் கை வைத்தாள்.

"ஓம் ஐயா" என்றாள். "நானே மறந்துபோனன்."