பெயின்ட் மட்டும் நின்ற கதவு

1

"தொடாதீங்க! இன்னொரு கோட் அடிச்சீங்கன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்!"

"போயேன். உங்க அண்ணன் வீட்டு ஜன்னலுக்கும் நான்தான் அடிச்சேன். அங்க போயும் என் கோட்டைத்தான் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும்."

"நிலைக்காலுக்குள்ள அரிக்குதுங்க. தட்டினா காலி டப்பா மாதிரி கேக்குது."

"இருபத்தாறு வருஷமா மரத்தைத் தடவிப் பொழைக்கிறவன் நான். எனக்கு மரம் சொல்லித் தர்றியா?"

"உங்களுக்கு எதுவும் சொல்லித் தரல. உங்க பொண்ணு தலையை மட்டும் நினைச்சுப் பாருங்க. அந்த நிலை மேலதான் பரண் உட்கார்ந்திருக்கு. பரணுக்குக் கீழதான் அவ கட்டில்."

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: என் சமையலறைச் சுவரில். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தச் சுவரில் வைத்திருந்த என் காதில். எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து வரிசையாக நிற்பவை. எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கே யாராவது தும்மினால் இங்கே எனக்கு மூக்கு உறுத்தும். நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று தெருவில் பேச்சு. அபாண்டம். வீடு ஒட்டியிருக்கிறது, கேட்கிறது, அவ்வளவுதான்.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

பெயின்டர் கெட்டவர் அல்ல. தன் கைமேல் நம்பிக்கை கூடிப்போனவர். [முதல் வரைவில் அவரைக் குடிகாரராக எழுதியிருந்தேன். சண்டைக்கு வசதியாக இருந்தது. மனுஷர் டீயையே பாதி கிளாஸோடு நிறுத்திவிடுகிறவர். அடித்துவிட்டேன்.] உலகத்தில் எந்தக் குறைக்கும் அவரிடம் இரண்டே மருந்து. விரிசலா, பட்டி பார். கறையா, பெயின்ட் அடி. மகள் பரீட்சையில் தோற்ற வருஷம் அவள் அறைக்கு மஞ்சள் அடித்தார். வாயால் ஆறுதல் சொல்ல வராது. உள்ளறை நிலைக்காலில் விரல் தடிமனுக்கு ஒரு மண்கோடு ஏறிவந்தபோதும் அதையேதான் செய்தார். சுரண்டினார், மண்ணெண்ணெய் தடவினார், பட்டி பார்த்தார், அடித்தார். அடுத்த வருஷம் கோடு நாலு விரல் தள்ளி ஏறியது. மறுபடியும் அடித்தார். மொத்தம் பதினோரு கோட். தெருவிலேயே பளபளப்பான நிலை அதுதான் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவர் மனைவியை டோக்கன் அம்மா என்போம். ஒரு கிளினிக் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது வேலை. "லேசான வலிதான், தானா போயிடும்னு விட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தினமும் வந்து நிற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து, லேசான எதையும் அவர் லேசாக விடுவதில்லை.

மகள் ஒரு கண்ணாடிக் கடையில் ஊராருக்குப் பார்வை சோதிக்கிறாள். சண்டை நடக்கும்போது அவள் பரணுக்குக் கீழே கட்டிலில் படுத்து, காதில் இயர்போன் மாட்டி, மேலே வெறித்துக்கொண்டிருப்பாள். பெற்றவர்களின் குரலைக் கேட்காமலிருக்க அவள் கண்டுபிடித்த இடம் அந்த வீட்டிலேயே ஆபத்தான இடம்.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை வருகிறது. பிடிக்காதவர்கள் நான்காவதுக்குத் தாவிக்கொள்ளலாம்.

வீட்டில் வாடகை தராமல் குடியிருக்கிறவர்களோடு ஓரளவு நாமே பேசி முடித்துக்கொள்ள முடியும். எறும்பு வந்த வழியை சோப்புத் தண்ணீரில் துடைத்து, சர்க்கரை டப்பாவை இறுக்கி, ஓட்டையை அடைத்தால் அது மானஸ்தன் மாதிரி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கரப்பானுக்குத் தண்ணீர்தான் முக்கியம். தொட்டியைத் துடைத்துவிட்டுப் படுத்து, மூலைகளில் பசை மருந்தைப் பொட்டுப் பொட்டாக வைத்தால் குறையும். ஆனால் பட்டப்பகலில், நீங்கள் சமைத்துக்கொண்டிருக்கும்போதே, பயமில்லாமல் உலாத்துகிறது என்றால் உள்ளே அதுகளுக்கு இடம் போதவில்லை என்று அர்த்தம். அப்போது மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிட வேண்டும். எலி கம்பியைக் கடிக்க ஆரம்பித்தாலும் அப்படித்தான். மூட்டைப்பூச்சி, கரையான் இரண்டுக்கும் முதல் நாளே கூப்பிட வேண்டும். நாம் அடிக்கிற மருந்தில் கண்ணில் பட்டது சாகும், படாதது அடுத்த அறைக்குக் குடிபோகும்.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். பிறகு ஏன் யாரும் கூப்பிடுவதில்லை? பூச்சிக்காரர் வண்டி வாசலில் நின்றால் தெரு பார்க்கும். தெரு என்றால் பெரும்பாலும் நான்.

*மேலே மூட்டைப்பூச்சி என்று எழுதிய இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. காரணம் ஐந்தில் வரும்.

4

அவர் வந்தார்.

(இப்படி ஆரம்பித்தால் குதிரையில் யாரோ வருகிற மாதிரி இருக்கிறது.)

முதுகில் மருந்துத் தொட்டியோடு புயல் போல—

(புயலும் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றவே அவருக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று.)

ஐம்பதைத் தாண்டியவர். தடிக் கண்ணாடி. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர். டோக்கன் அம்மா கிளினிக்குக்கு வந்த ஒருவரிடம் நம்பர் வாங்கி, வீட்டுக்காரரிடம் மூச்சுவிடாமல் வரச்சொல்லியிருந்தார்.

"யாரைக் கேட்டு வரச் சொன்ன?" என்றார் பெயின்டர்.

"என்னைக் கேட்டு."

நான் கத்தரிக்கோல் இரவல் கேட்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். [என்னிடம் மூன்று கத்தரிக்கோல் இருக்கிறது.]

பூச்சிக்காரர் மருந்தையே எடுக்கவில்லை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் நிலைக்காலைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று காதை வைத்தார். காது வைப்பதில் அனுபவமுள்ளவள் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

"எல்லாரும் மூச்சைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டோம். கேட்டது. யாரோ ரொம்ப தூரத்தில் காய்ந்த மணலை உதறுகிற மாதிரி, விட்டுவிட்டு.

"கரையான்ல சிப்பாய்ங்க. நான் தட்டினது உறைச்சிருக்கு. தலையால சுவரை முட்டி மத்ததுக்கெல்லாம் சேதி சொல்லுதுங்க."

"மரம் வெயிலுக்கு முறியும். அந்தச் சத்தம் அது," என்றார் பெயின்டர்.

"இருக்கலாம் அண்ணே. கட்டைவிரலை இங்க வையுங்க. அழுத்த வேணாம். சும்மா வையுங்க."

பெயின்டர் வைத்தார். விரல் முட்டை ஓட்டுக்குள் போவதுபோல அடிவரை உள்ளே போயிற்று.

பூச்சிக்காரர் பிளேடால் பெயின்டை ஒரு கைக்குட்டை அளவுக்கு வெட்டி, ஜன்னல் திறப்பதுபோல மெதுவாகத் திறந்து, டார்ச்சை அடித்தார்.

இதை எழுதத்தான் இந்தக் கதையையே எழுத உட்கார்ந்தேன். இந்த இடத்துக்கு வந்ததும் எனக்குச் சொல் போதவில்லை. உள்ளே மரம் இல்லை. மரம் இருந்த இடத்தில், மரத்தின் அதே உயரத்தில், மண்ணால் ஒரு ஊர் நின்றது. மாடிமேல் மாடி. காகிதக் கனத்தில் சுவர்கள், ஒன்றுகூட இடிந்திருக்கவில்லை. ஈரமாக, இளஞ்சூடாக ஒரு காற்று முகத்தில் பட்டது. அந்த ஊரின் மூச்சு. வெளிச்சம் விழுந்த தெருவில் வெள்ளை வெள்ளையாக ஆயிரம் பேர் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவரை ஒருவர் இடிக்கவில்லை. கண்ணே கிடையாதாம் அதுகளுக்கு. எங்கள் வரிசை வீடுகளைக் கட்டிய மேஸ்திரிக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும்.

"அப்போ பரணை இத்தனை நாளாத் தாங்கினது எது?" என்றார் டோக்கன் அம்மா.

"பழக்கந்தாம்மா. வேற ஒண்ணும் தெரியல."

மகள் இயர்போனைக் கழற்றினாள். கட்டிலைத் தானே முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பெயின்டர் மட்டும் நகரவில்லை. வெட்டிய பெயின்ட் துண்டைத் திருப்பி, அதன் பின்பக்கத்தை டார்ச்சில் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிப்பக்கம் பதினோராவது கோட். உள்பக்கம், மரத்தைத் தொட்டிருந்த பக்கம், வெளிறிய ரோஸ்.

"இது பிரைமர்," என்றார். "கல்யாணம் முடிஞ்சு இந்த வீட்டுக்கு வந்த வாரம் அடிச்சது."

எந்தப் பெயின்டரும் தான் அடித்த முதல் கோட்டை மரத்தின் பக்கமிருந்து பார்த்திருக்க மாட்டார். இவர் பார்த்தார். மரத்தின் ரேகைகூட அதில் அச்சாகப் பதிந்திருந்தது, மரம்தான் இல்லை.

"பெயின்ட் நல்ல பெயின்ட் அண்ணே," என்றார் பூச்சிக்காரர். கிண்டல் இல்லை. "வெளிச்சமும் காத்தும் படாமக் காப்பாத்தியிருக்கு. வருஷா வருஷம் நீங்க அதுங்களுக்குக் கூரை மாத்திக் கொடுத்திருக்கீங்க."

பெயின்டர் துண்டைக் கீழே வைத்துவிட்டு, பரணில் இருந்த டின்களை ஒவ்வொன்றாக இறக்கினார். எல்லாம் இறக்கிய பிறகு கேட்டார்: "நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

அந்த வீட்டிலிருந்து அந்த வாக்கியத்தை என் காது அதுவரை கேட்டதே இல்லை.

5

"சுவரோரமாத் தரையில துளை போட்டு மண்ணுக்குள்ள மருந்து இறக்கணும். இது பொதுச் சுவரு, ரெண்டு பக்கமும் போடணும்," என்று சொல்லிவிட்டுப் பூச்சிக்காரர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க பக்கம் ஈசல் ஏதாவது கிளம்புச்சா? விளக்கைப் பார்த்து வெளிய இருந்து வர்றது இல்ல. சுவருக்குள்ள இருந்து வர்றது."

"இல்லையே."

நான் சொன்ன பதில் அது. ஒரே சொல்.

அதற்கு எட்டு மாதம் முன்னால், மழை விட்ட ஒரு சாயங்காலம், என் அடுப்புக்கு மேலிருந்த விரிசலிலிருந்து புகை மாதிரி ஏதோ வந்தது. புகை இல்லை, இறக்கைகள். சுவரே தன்னை ஊற்றிக்கொள்வதுபோல வந்துகொண்டே இருந்தது. பத்து நிமிஷம் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். ஒவ்வொன்றும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை மின்னியது. பிறகு எல்லாம் இறக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றிய ஆட்கள் மாதிரி வேலை பார்க்க இறங்கிவிட்டன. ஒரு முறம் நிறைய இறக்கை பெருக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம், அந்தச் சமயத்தில் எனக்கு உடம்பு—

இல்லை.

உண்மையில் அது கரையான் என்றே எனக்கு—

தெரியும்.

முனை வீட்டில் மூட்டைப்பூச்சி என்று மூன்று வருஷம் முன்பு தெருவுக்குச் சொன்னவள் நான். அதன்பின் அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வருவது நின்றது. வந்தவர்களும் நின்றபடியே பேசிவிட்டுப் போனார்கள். ஒரு வாய் என்ன செய்யும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பயந்தேன்.

"நிஜமாவா அக்கா?" என்றார் டோக்கன் அம்மா.

"நிஜமா. என் தரை வேற இப்பத்தான் போட்டது. அதுல துளை போட விடமாட்டேன்."

பூச்சிக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தட்டிப் பார்க்கிற பார்வை. பிறகு தன் சீட்டில் 'ஒரு பக்கம் மட்டும், பாதி வேலை' என்று எழுதி பெயின்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

6

இதற்குமேல் கதை எப்படிப் போகலாம் என்று சில தாள்கள் வைத்திருக்கிறேன்.

ஒன்றில் மருந்து வேலை செய்கிறது. புது நிலை, புதுப் பரண், எல்லாரும் சிரிக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.

இன்னொன்றில் மகள் பூச்சிக்காரரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். உங்களில் சிலர் இதைத்தான் எதிர்பார்த்தீர்கள் என்று தெரியும். அவருக்கு வீட்டில் மனைவி இருக்கிறார், மூட்டுவலி இருக்கிறது, சும்மா இருங்கள்.

மூன்றாவதில் நான் மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். டோக்கன் அம்மா திட்டிவிட்டுப் பிறகு கையைப் பிடித்துக்கொள்கிறார். இதை நாலு தரம் திருத்தி எழுதினேன். இருப்பதிலேயே நன்றாக வந்திருப்பது இதுதான். நடக்காததும் இதுதான்.

நடந்தது: அடுத்த மழைக்கு, புது நிலையில் மண்கோடு ஏறியது, என் சுவர்ப் பக்கமிருந்து. பெயின்டர் இந்தத் தடவை பிரஷ்ஷை எடுக்கவில்லை. மகள் வந்து என் கதவைத் தட்டினாள்.

"பெரியம்மா, ஒரே ஒரு நாள். உங்க பக்கமும் துளை போட விடுங்க. முடிஞ்சதும் அப்பாவே தரையைச் சரிபண்ணிக் கொடுத்துடுவாரு. அம்மா அந்த ரூம்ல கால் வைக்கவே மாட்டேங்குறாங்க."

துளை போட வந்தால் ஈசல் கிளம்பிய விரிசலைப் பார்ப்பார்கள். "பார்க்கலாம்மா" என்றேன். பார்க்கலாம் என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும். பார்வை சோதிக்கிற பெண். என் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள். அதன்பின் அந்த வீட்டில் சண்டைச் சத்தம் கேட்கவில்லை. சாமான் கட்டுகிற சத்தம்தான் கேட்டது.

அவர்கள் வீட்டைக் காலி செய்த மாதம் நானே பூச்சிக்காரரைக் கூப்பிட்டேன். அடுப்புக்குப் பின்னால் சுவரைத் திறந்தார். கை அகலத்துக்கு ராஜபாட்டை. இரண்டு வீட்டுக்கும் போகிற வழி அங்கேதான் பிரிந்தது. எவ்வளவு அழகாக வளைத்திருந்தன தெரியுமா? அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். [சொல்லியிருப்பேனா? இந்த வரியை எடுத்துவிடலாம். இருக்கட்டும்.]

7

கண்ணாடிக் கடை மகள் அதே கடையில் லென்ஸ் தேய்க்கிறவரைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். சாதுவான பையன்; எதையும் தேய்த்துத் தேய்த்துத்தான் பேசுவானாம். பெயின்டர் தன் வீட்டை, அரித்த வீடு என்று வாங்குகிறவரிடம் முதல் பேச்சிலேயே சொல்லித்தான் விற்றார். நிலையை அவரே தட்டிக் காட்டினார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் முழுசாகக் காலி செய்துகொண்டு போன கதைக்கு முடிவு வேண்டும் என்றால், அதை நீங்கள்தான் போட வேண்டும். எங்கள் தெருவில் எந்தச் சேதியும் என் வாயில் ஒரு வேளைக்குமேல் தங்கியதில்லை. என் சுவரில் ஈசல் கிளம்பிய சேதி ஒன்று மட்டும் இரண்டு வருஷமாகத் தங்கியிருக்கிறது. அவர்கள் பக்கம் போகிறவர் யாராவது எடுத்துக்கொண்டு போங்கள். இப்போது அவர்கள் இருப்பது பஸ் டிப்போவுக்குப் பின்னால் இரண்டாவது சந்து, மாடி வீடு, கதவு ஜன்னல் எல்லாம் இரும்பு. கிளினிக் லீவு என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் இருப்பார்கள். அவரிடம் வேண்டாம், அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்.

கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.