தெரியாது என்று நான் சொன்னவை

ஏழு பள்ளிக்கூடங்கள் கையை விரித்துவிட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு சோபா, ஒரு மீன்தொட்டி, "பிள்ளை ரொம்ப சமத்து" என்று ஒரு சிரிப்பு. அப்புறம், "எங்ககிட்ட அதுக்கான வசதி இல்லீங்க." மீன் வளர்க்க மட்டும் வசதி இருக்கிறது.

எங்கள் மகளுக்கு ஏழு வயது. வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். அவள் வைத்த குவளை ஓரங்குலம் நகர்ந்தாலும் வீடு இரண்டுபடும். பேச்சு தாமதமாகத்தான் வந்தது. பெரும்பாலும் நாம் சொன்னதையே திருப்பிச் சொல்வாள். இரைச்சல் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டால் யார் வந்தாலும் எழுப்ப முடியாது.

எட்டாவது, இவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே நடக்கும் பள்ளி. வகுப்புக்கு ஆறே பேர். ஓர் இடம்தான் காலி. இதுவும் போனால் இன்னொரு வருடம் அவள் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், பதிவு மேசைக்கு அடியில்தான் உட்கார வேண்டும். மேலதிகாரி ஏற்கெனவே ஜாடைமாடையாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு அலுத்துப் போயிருந்தது. ஆனாலும் பழக்கதோஷம். ஏழு நேர்காணலுக்கும் செய்ததுபோலவே இதற்கும் மூன்று வாரம் அவளை உருப்போட வைத்தேன். நிறங்கள், கிழமைகள், வீட்டு முகவரி. பேருந்து ஓட்டிக் களைத்து வந்த என் கணவர், "பேசாம நீயே அங்க அட்மிஷன் வாங்கிக்கயேன்" என்றார்.

"வாயை மூடிட்டு அந்த மஞ்சள் அட்டையை எடுங்க" என்றேன்.

நேர்காணலில் மேனேஜர் அசத்திவிட்டாள். ஆசிரியை அட்டையைக் காட்டும் முன்பே "மஞ்சள்" என்றாள். கிழமைகளைத் தவறாமல் சொன்னாள். காதைப் பொத்தவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆசிரியை பேனாவை மூடினார். "நல்லா பண்றாளே! சாதாரண ஸ்கூலே போதும்மா இவளுக்கு. இந்த ஒரு சீட்டை இன்னும் கஷ்டப்படுற பிள்ளைக்குத்தான் கொடுக்கணும்."

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐயோ, இல்ல மேடம். இதெல்லாம் நான் மனப்பாடம் பண்ண வச்சது."

"அப்போ அவளுக்கு என்னென்ன தெரியாதுன்னு சொல்லுங்க."

எங்கள் வீட்டில் "தெரியாது" என்ற வார்த்தையே கிடையாது. எதுவாக இருந்தாலும் "இன்னும் வரல" என்போம். அவள் காதுபட வேறு மாதிரிச் சொன்னதில்லை. அன்று அவள் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தாள்.

தனியாகக் குளிக்கத் தெரியாது. பசிக்கிறது என்று சொல்லத் தெரியாது. மற்றப் பிள்ளைகளோடு விளையாடத் தெரியாது. ஆசிரியை எழுத எழுத எனக்கு வேகம் பிடித்தது. அத்தனையும் உண்மை என்பதுதான் வலித்தது. அப்படியும் போதாதோ என்ற பயத்தில், "ஷூ போடத் தெரியாது மேடம்" என்றும் சேர்த்துவிட்டேன். அது பச்சைப் பொய். எட்டு மாதம் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டாள். போன மாதத்திலிருந்து அவளேதான் போட்டுக்கொள்கிறாள்.

ஆசிரியை தாளை ஒருமுறை மேலிருந்து படித்தார். "சரி. திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாலைந்து தடவை நன்றி சொன்னேன். கணவருக்கு "கிடைச்சிடுச்சு" என்று செய்தி அனுப்பினேன்.

அறைக்கு வெளியே கழற்றி வைத்திருந்த ஷூக்களுக்குப் பக்கத்தில் மேனேஜர் உட்கார்ந்தாள். அவற்றைத் தொடவில்லை. காலை என் பக்கம் நீட்டினாள்.

"போடும்மா. உனக்குத்தான் தெரியுமே" என்று அவள் காதில் சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சள் என்று சொன்ன அதே தெளிவான குரலில், "ஷூ போடத் தெரியாது மேடம்" என்றாள்.

கதவருகே ஆசிரியை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் மண்டியிட்டு, இரண்டு ஷூக்களையும் போட்டுவிட்டேன்.