மேஜர் பிம் பின்வாங்கியதில்லை

மேஜர் பிம்முக்கு நாலு காலுக்கும் லாடம் அடித்ததாகச் சொன்ன வரியை நெவில் ப்ளாக்ஸம் மூன்றாவது முறையாக வாசித்தார். மூன்றாவது முறையும் கால்கள் நாலாகவே இருந்தன. நினைவுப் பலகைத் திறப்புக்கு இன்னும் நாற்பது நிமிடம்.

அப்பர் டாட்டில் ஊராட்சியின் எழுத்தர் அவர். ஊர் வரலாறு எழுதும் வேலையும் அவர் தலையில்தான் விடிந்தது. ‘புகழ்பெற்றவர்கள்’ பக்கத்துக்கு ஐந்து வருடம் தேடியும், மழைக்கு ஒதுங்கிய ஒரு பிஷப்பைத் தவிர யாரும் தேறவில்லை. பிறகுதான் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தின் சுவருக்கு வெளியே, செந்தட்டிப் புதருக்குள் அந்தக் கல் அகப்பட்டது. ‘மேஜர் பிம். 1806–1829. ஒருபோதும் பின்வாங்கியதில்லை.’ இருபத்து மூன்று வயதில் மேஜர்! சுவருக்கு வெளியே புதைத்திருக்கிறார்களே, நாத்திகராக இருந்திருப்பார் என்று நெவிலே யோசித்து எழுதியும் விட்டார். பள்ளியில் நாடகமே போட்டார்கள்.

அதெல்லாம் போகட்டும். ஹெஸ்டர் பிம்மிடம் இதை எப்படிச் சொல்வது? எண்பத்தொரு வயது, நாதியில்லாத மனுஷி. அந்தப் பக்கம் வெளியான நாளிலிருந்து, மேஜர் தன் மூதாதை என்று ஞாயிறு தவறாமல் கல்லுக்குப் பூ வைக்கிறார். அவர் குடியிருப்பது பழைய லாடக்காரர் வீட்டில். பரணில் கிடந்த லாடக்காரரின் நாட்குறிப்பைப் போன வாரம் அவரே கொண்டுவந்து, “எனக்குக் கண்ணு தெரியலப்பா, நீயே படிச்சுக்கோ” என்று கொடுத்திருந்தார்.

‘மழை. வண்டிக்காரர் பிம்மின் மேஜருக்கு நாலு காலுக்கும் லாடம். ஆப்பிளைக் காட்டினால்தான் காலைத் தூக்குகிறது, திருட்டுக் குதிரை.’

ஊராட்சித் தலைவர் காலின் த்ரப் உள்ளே வந்தார். “என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

“மேஜரப் பத்திப் புதுசா ஒரு தகவல்... லாடம்...”

“லாடமா? அப்போ குதிரைப்படை! அப்படிப் போடு! பேச்சுல சேத்துக்கோ.”

கல்லருகே ஊரே கூடியிருந்தது. ஹெஸ்டர் கருநீலக் கோட்டில் வந்து நெவிலின் முழங்கையைப் பிடித்தார்.

“படிச்சியா?”

“இன்னும்... முழுசா இல்ல, மிஸ் பிம்.”

“எனக்குன்னு இருக்கிறது அவர் ஒருத்தர்தான். பாத்துப் பேசு.”

நெவில் பேசினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேஜர் சுமைக்கு அஞ்சாதவர் என்றார், மேட்டிலும் சேற்றிலும் நின்றதில்லை என்றார். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. காலின் திரையை இழுத்தார். கைதட்டல் ஓய்ந்ததும், பூவை எடுக்கப்போகிறார் என்று எல்லோரும் பார்த்திருக்க, ஹெஸ்டர் கைப்பையைத் திறந்தார்.

ஓர் ஆப்பிள். அதைக் கோட்டில் துடைத்தார். பிறகு விரல்களை ஒட்டிவைத்து, உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, ஆப்பிளை அதன் நடுவில் வைத்துக் கல்லுக்கு மேலே நீட்டியபடி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.