முன்கூட்டி வந்த பெட்டி

தாவீதின் சவப்பெட்டி, அவன் உயிரோடு இருக்கும்போதே, 1971 ஆகஸ்டில் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் வந்து இறங்கியது. மூடியில் அவன் பெயரும் படைப்பிரிவும் சரியாக எழுதப்பட்டிருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. அந்த வாரம் பச்சை மிளகாய் விலை ஏறியிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ராமபத்ரன் தாவீதின் தாய் மேரியை வரவழைத்து, "யுத்தம் இன்னும் ஆரம்பிக்கலையேம்மா, சாமான் முன்னாடியே வந்துடுத்து. இங்க வைக்க இடமில்ல, எடுத்துண்டு போயிடு" என்றார். வைக்கோல் கட்டைப் போல அதைத் தலையில் வைத்துத் தனியாகவே கொண்டுபோனாள் மேரி. அன்று அது அவ்வளவு லேசாக இருந்தது.

ஏரி மதகுக்காகப் பக்கத்து ஊரோடு மோதும் முன், சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் வெற்றிலைத் தட்டு அனுப்பி, நியாயம் நம் பக்கம்தான் என்று ஒப்புக்கொள்ள வைப்பது அந்தப் பகுதி வழக்கம். ஒரே ஒரு ஊர் தட்டைத் திருப்பி அனுப்பினாலும் சண்டை நின்று, கம்புகள் கூரைக்குள் போய்விடும். தணிகாசலத்தின் டீக்கடை ரேடியோவில், தலைவர்கள் நாடு நாடாகப் போய் கிழக்கு எல்லையில் குவியும் அகதிகளைப் பற்றிச் சொல்லி ஆதரவு கேட்கிறார்கள் என்று வந்தபோது, இதுவும் அந்தத் தட்டுதான் என்று மேரி எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு நாடும் தலையாட்டும்போது பெட்டி கனத்தது. முதலில் கூட்டிப் பெருக்குவதற்காக நகர்த்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. பிறகு மண்தரை குழிந்தது.

"எந்த நாடு வேணாம்னு சொல்லணும்னு வேண்டிக்கினு கீற, மேரி?" என்று தணிகாசலம் சீண்டினார்.

"எதுனா ஒண்ணு, அண்ணே. ஒண்ணு போதும்."

"அங்க புள்ளகுட்டிங்க கொத்துக் கொத்தா சாவுது. நீ வேற."

அது அவளுக்கும் தெரியும். கோயிலில் அந்தப் பிள்ளைகளுக்காக ஜெபிக்கத்தான் முழங்காலிட்டாள். வாயில் வந்ததோ, ஆண்டவரே, யாராவது ஒருத்தர் கல்மனசாக இருக்கட்டும் என்பதுதான். வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டு முடித்ததும் அதையே மறுபடி கேட்டாள்.

அக்டோபரில் லீவில் வந்த தாவீது பெட்டியைத் தட்டிப் பார்த்தான், உள்ளே படுத்தும் பார்த்தான். "அளவு கரெக்டா கீது, யம்மா" என்று சிரித்தவனை அவள் அறைந்தாள்.

"இன்னாத்துக்கு அடிக்கிற? உலகமே ஒத்துக்கினு அனுப்புது. செத்தாலும் அது கௌரவம்தான்."

"உலகம் ஒத்துக்கிச்சு, சரி. என்னை யாருடா கேட்டாங்க?"

அவன் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டான்.

நவம்பரில் கடல் தாண்டிய ஒரு பெரிய நாடு முகம் கொடுக்கவில்லை என்று ரேடியோ சொன்னது. அன்று பெட்டி தரையை விட்டு எழும்பி, கூரை ஓலையில் முட்டி அசைந்துகொண்டிருந்தது. தட்டு திரும்பிவிட்டது என்று மேரி தெரு முழுக்க வெல்லக் காப்பி கொடுத்தாள். தணிகாசலம் மட்டும் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "அவன் ஒத்துக்கலைன்னா இன்னா? மத்தவங்க ஒத்துக்கினதே போதும்னுட்டாங்களாம்" என்றார். சாயங்காலத்துக்குள் பெட்டி இறங்கி முழங்கால் ஆழம் மண்ணில் புதைந்தது. கேட்கப் போனவர்கள் கம்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

டிசம்பரில் போர் வந்தது, சீக்கிரமே முடிந்தது. டீக்கடை வாசலில் வெடி வெடித்தார்கள். தாவீதின் உடல் கிழக்கே ஏதோ ஒரு ஆற்றோடு போய்விட்டது. செய்தி கொண்டுவந்தவர், பெட்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். மாடு கட்டி இழுத்தும் பெட்டி அசையாததால், பாதிரியார் கல்லறைத் தோட்டத்து ஜெபத்தை வீட்டுக்குள்ளேயே சொல்லிவிட்டுப் போனார்.

சில வருஷங்களில் வீடு இடிந்தது. தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று சாலை போட வந்த இன்ஜினீயர், பெட்டியை எடுக்கச் சம்மதமா என்று மேரியிடம் மரியாதையாகக் கேட்டார். அவளை ஒருவர் கேட்டது அதுவே முதல் முறை. மாட்டேன் என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, ஏற்கெனவே வந்து நின்றிருந்த இயந்திரத்துக்குக் கை காட்டினார். இரும்புச் சங்கிலி அறுந்தது. பெட்டி அசையவில்லை. சாலையை வளைத்துப் போட்டார்கள். இன்றைக்கும் லாரிகள் அந்த வளைவில் வேகத்தைக் குறைக்கின்றன. கண்டக்டர்கள் "பெட்டி ஸ்டாப்" என்று கூவி டிக்கெட் கிழிக்கிறார்கள். மேரி அங்கேதான் இறங்குகிறாள்.