பத்து மணிக்கு எரியும் வயிறு

பல்செட் செய்யும் கூடத்தில் பெரியவள் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். அவள் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த சின்னவள், அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவளுக்கு வேலை போட்டுத்தரச் சொல்லி முதலாளியிடம் வாய்விட்டுக் கேட்டதே பெரியவள்தான். இப்போது பல் டாக்டர்கள் போன் செய்தால், "சின்னவங்க கையால செஞ்சதா குடுங்க" என்கிறார்கள்.

ஆறு மாதமாகப் பெரியவளுக்கு வயிறு எரிகிறது. பேச்சுக்குச் சொல்லும் எரிச்சல் அல்ல. நெஞ்சுக்குழிக்குக் கீழே நெருப்புக் கங்கு வைத்தது போன்ற நிஜ எரிச்சல். காரத்தை விட்டாள், காபியை விட்டாள். கடைசியில் தொண்டை வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள்.

"புண்ணு எதுவும் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"வலி நிஜம்தான். மனசு கொதிச்சா வயிறும் சேர்ந்து கொதிக்கும். எப்ப ஆரம்பிக்குது?"

"காலையில பத்து மணிக்கு."

"ஞாயித்துக்கிழமையுமா?"

ஞாயிற்றுக்கிழமை எரிந்ததே இல்லை என்பது பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஞாயிறு விடுமுறை. மற்ற நாட்களில் டாக்டர்களின் போன் வரத் தொடங்குவதே பத்து மணிக்குத்தான்.

மறுநாள் வந்த போனை அவளே எடுத்தாள். "போன வாரம் சின்னவங்க செஞ்ச மேல்செட் அப்படியே பொருந்திடுச்சு. சொல்லிடுங்க." சரி என்றாள், சொல்லவில்லை. மதியம் ஒரு வாய் இறங்கவில்லை.

சின்னவள் கழிவறையிலிருந்து வெளிறிப்போய் வந்தாள்.

"என்னடி, இது மூணாவது தடவ?"

"நீங்க முகத்தத் தூக்கி வச்சிருந்தா எனக்கு வயித்தக் கலக்குதுக்கா. தினமும் இதே கதைதான்."

முதலில் பெரியவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி. அடுத்த நொடியே அது அவளுக்கே கூசியது.

"காலையில டாக்டர் ஒருத்தர் கூப்பிட்டாரு. நீ செஞ்ச மேல்செட் அப்படியே பொருந்திடுச்சாம்."

"இப்பதான் சொல்றீங்க."

"அப்பவே சொல்ல மனசு வரல."

சின்னவள் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியைப் பெரியவளின் தட்டில் போட்டாள். பெரியவள் ஒரு வாய் வைத்து மென்றாள்.

"உப்பு கம்மி."

அந்த ஒரு குறை அன்றைக்கு அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.